வெள்ளைத் துணி

கட்டிலில் கிடந்த அப்புத்துரைக்கு வாயெல்லாம் பல். சண்டை ஓய்ந்திருந்த சமாதான காலத்தில் லண்டனிலிருந்து புங்குடுதீவுக்கு வந்த மகன் கேதீஸ், கூடத்தில் வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, அதில் புரொஜெக்டரால் புல்வெளிப் படம் விழுத்தி, வீட்டுக்குள்ளேயே கோல்ப் பந்தடிக்க ஆயத்தம் செய்துகொண்டிருந்தான்.

“அப்ப கனநாள் நிப்பாய் போல, தம்பி?”

“ஓம் அப்பா. உங்களோடதான்.”

மூன்று நாளாகத் தண்ணீர் மட்டும் குடித்தவர், மகள் கோசலாவிடம் கஞ்சி கேட்டார். குசினிக்குப் போகிற வழியில் அவள் தமையனோடு கதைத்தது அவர் காதில் விழுந்தது.

“அண்ணை, பந்து பட்டுத் துணி கிழிஞ்சிடாதே?”

“கிழியாது. செத்தவீட்டுக்கு வெள்ளை கட்டவெண்டு வாங்கினதெல்லே, நல்ல துணி. அப்பர் இழுத்தடிக்கிறார். அதுவரைக்கும் எனக்கும் பொழுது போகவேணும்.”

கோசலா கஞ்சியோடு வந்தாள். அப்புத்துரை கிண்ணத்தைத் தள்ளினார்.

“வேண்டாம் பிள்ளை. கொண்ணைக்கு லீவு முடியப்போகுது.”