மேட்டுத் தொட்டிக்குப் போகும் குழாய்

மார்கழியில் மலைமேல் இருக்கிற கிளியூரில் ஓசியாகக் கிடைப்பது பனிக்கட்டி ஒன்றுதான். அதுவும் குழாய்க்குள் கிடைக்கும். என் மனைவி வேலம்மாள் சமையலறைக் குழாயைக் கரண்டியால் தட்டுவாள். நான் வெந்நீர்க் கெட்டிலோடு, குழாயில் காதை வைத்து வைத்து, மேட்டுத் தொட்டி வரை ஏறுவேன். சத்தம் அமுங்குகிற இடத்தில் உறைந்திருக்கும். அங்கே ஊற்ற வேண்டும்.

அன்று எங்கும் அமுங்கவில்லை. மூடுபனியில் ஏறிக்கொண்டே போனேன். குழாய் தொட்டிக்குப் போகாமல் ஒரு சுவருக்குள் நுழைந்தது. பின்வாசலில் எட்டிப் பார்த்தால், உள்ளே வேலம்மாள் தட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, அதுக்குள்ள வந்துட்டீங்க?"

"நான் எறங்கவே இல்ல புள்ள."

"அப்ப ஊடுதான் மேடேறி வந்துச்சாக்கும். போயி ஊத்திட்டு வாங்க."

மறுபடி ஏறினேன். மறுபடி அதே பின்வாசல். இம்முறை குழாயில் தண்ணீர் கொட்டியது. எதிரில் நின்ற என்னைத் தாண்டி மேட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"தண்ணி வந்துருச்சுங்க. எறங்கி வாங்க."

"இதா வரேன் புள்ள" என்றது மேலிருந்து என் குரல்.

"வேலம்மா" என்று கூப்பிட்டேன். அவள் குளிருக்குக் கதவைச் சாத்தித் தாழிட்டாள். சற்று நேரத்தில், முன்வாசலில் யாரோ செருப்பைத் தட்டி உதறும் சத்தம் கேட்டது. என் கையில் கெட்டில் இன்னும் சுட்டது.