குனாஃபா பெட்டி

அகபா துறைமுக வாசலில் லாரிகள் வெயிலில் வரிசைகட்டி நின்றன. ஓட்டுநர் ஹாயெல் இறங்கி வந்து, காவலாளி அபூ லைத்தின் மடியில் ஒரு குனாஃபா இனிப்புப் பெட்டியை வைத்தான்.

"வரிசையில நம்ம வண்டியக் கொஞ்சம் பாத்துப் பண்ணு, அபூ லைத்."

"போன மாசம் பூரா உன்னை முன்னாடி விட்டேனே! இன்னிக்கு முடியாது."

"உன் புள்ளைங்க நல்லாயிருப்பாங்க!"

"உன் முறையே வந்தாச்சு. உள்ளே போய்யா!"

ஹாயெல் பதறிப்போனான். "என் பொழப்புல மண்ணைப் போடாதே! காத்துக் கிடக்குற நேரத்துக்கும் சம்பளம்னு முதலாளிங்க நேத்துதான் ஒத்துக்கிட்டாங்க. என்னைக் கடைசிக்குத் தள்ளிவிடு!"

அபூ லைத் சலிப்போடு மேஜைக்கடியைக் காட்டினான். குனாஃபா பெட்டிகள் அடுக்கடுக்காக இருந்தன.

"கடைசி இடத்துக்கு உனக்கு முன்னாடியே இத்தனை பேர் நிக்கிறாங்க."