படிக்கட்டுச் சோதனை

ரப்பர் தோட்டத்திலிருந்து மலாக்கா டவுனுக்குக் குடிவந்தும் சோதனைக்குத் தப்ப முடியவில்லையே என்றிருந்தது கமலவேணிக்கு. புதிதாகக் குடிவந்த வீட்டு மாடிப்படியின் அடியில் காக்கிச் சட்டையும் தொப்பியுமாக ஒருவர் நின்றிருந்தார்.

காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடுமென்று தோட்டத்து கேட்டில் யாரையும் சோதிக்காமல் விடமாட்டார்கள். அந்தப் பழக்கத்தில், கணவனுக்கு எடுத்துப்போன சாப்பாட்டுக் கேரியரைத் தானாகவே திறந்து காட்டினாள்.

அவர் குனிந்து பார்த்தார். “கருவாட்டுக் கொழம்பா? சரிம்மா, போங்க.”

நான்கு நாள் இதே கதைதான். ஐந்தாம் நாள், சாப்பாடு வாங்கிப்போகத் தானே வந்த பிச்சைமுத்து, மனைவி படியடியில் கேரியரைத் திறப்பதைக் கண்டு திகைத்தான்.

“என்னா புள்ள பண்றே?”

“சோதனைங்க. ஆபீசர் பாக்க வேணாமா?”

“ஆபீசரா? பக்கத்து ரூம் அம்புரோஸ் அண்ணன்! பஸ் கண்டக்டர்லா!”

கமலவேணிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அம்புரோஸ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

“நான் என்னத்தக் கண்டேன் தங்கச்சி? பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன சமையல்னு வாசனைதான் வரும், எவரும் காட்டமாட்டாங்க. நீங்க ஆசையா தொறந்து காட்டுறீங்க. பாக்காமப் போனா மனசு நோகுமேன்னு பாத்தேன்.”

மறுநாளும் கமலவேணி படியடியில் நின்றாள், கேரியரைத் திறந்தாள்.

“இன்னிக்குச் சும்மா பாத்துட்டுப் போக விடமாட்டேண்ணே,” என்று ஒரு தட்டை நீட்டினாள்.