ஜெசிந்தா பேரில் ஒரு மொச்சை

பிலோமினா வீட்டுப் பந்தலில் கருப்பு மொச்சை நெற்றாகிக் காய்ந்து நின்றது. பறிக்க இருந்த அன்று காலையில் விதைப் பதிவு அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, ஒரு நெற்றை உடைத்துக் கருவியில் வைத்துப் பார்த்தார்.

"இந்த ரகம் வேற ஒருத்தர் பேர்ல இருக்கும்மா. கொடியை அழிக்கணும்."

"இருபது வருசமா நான் விதை எடுத்துப் போடுறேன். யார் பேர்ல?"

"ஜெசிந்தா, திண்டுக்கல்."

அது பிலோமினாவின் கூடப்பிறந்த தங்கை. போன தையில் வந்தவள், மாடியில் போடப்போவதாகச் சொல்லி இரண்டு கைப்பிடி விதை வாங்கிப் போயிருந்தாள்.

பிலோமினா போன் போட்டாள். "ஏன்டி, என் மொச்சைய உன் பேர்ல எழுதிட்டியா?"

"நீ எழுதாமத்தானேக்கா வச்சிருந்த? யாரோ எழுதறதுக்குப் பதிலா நான் எழுதினேன்."

"சரி, நான் போட்டுக்கலாம்னு இவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லு."

"அந்த ரகத்த ஒரு விதைக் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டுட்டேன்க்கா. இனிமே நான் சொன்னாலும் செல்லாது."

வந்தவர் கொடியில் கை வைத்தார். அவரை விலக்கிவிட்டுப் பிலோமினா தானே பிடுங்கினாள். இழுத்த வேகத்தில் நெற்றுகள் வெடித்து, விதைகள் தோட்டமெங்கும் தெறித்தன.

"ஒண்ணு விடாமப் பொறுக்கணும்மா. முளைச்சா கேஸ் ஆயிடும்."

"அவ பேர்லதானே முளைக்கும்?" என்றாள் பிலோமினா. "அவள வந்து பொறுக்கச் சொல்லுங்க."