ஆறு வாரத்துக்கு வந்தவள்

“பெட்டியை மூடாதே. இந்த ஸ்வெட்டர் விட்டுப்போச்சு,” என்றாள் பிரசங்கியக்கா.

“அது பொடிசுக்குப் பத்தாதுக்கா. ரெண்டு வயசுல போட்டது.”

“அப்புறம் எதுக்கு இன்னும் வச்சிருக்கே?”

பெரியம்மா ஸ்வெட்டரை வாங்கி அலமாரியின் அடித்தட்டில் திரும்ப வைத்தாள்.

நாலு மணிக்குப் பொடிசைக் கூட்டிப்போக அவளுடைய அம்மா வருகிறாள். இனி அம்மாவோடுதான் இருப்பாள், வேறு ஊரில். பெரியப்பா குழந்தையையும் கூட்டிக்கொண்டு அவளுக்குப் புது ஷூ வாங்கக் கடைக்குப் போயிருந்தார். பழைய ஷூ நன்றாகத்தான் இருந்தது. பெட்டி அடுக்குவதைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

அக்கா பக்கத்து வீட்டுக்குக் குடிவந்து ஒரு வருஷம் ஆகிறது. பெரியம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் வேலை என்று மட்டும் அவளுக்குத் தெரியும். இருவரும் ஒரே சபை. அக்கா வாயைத் திறந்தால் ஒரு பிரசங்கம் வந்துவிடும் என்பதால் சபையில் வைத்த பெயர்தான் பிரசங்கியக்கா. அக்காவுக்கே அது தெரியும். கோபித்துக்கொண்டதில்லை.

நாலு வருஷத்துக்கு முன் ஒரு சாலை விபத்து. பொடிசின் அப்பா அங்கேயே இறந்துபோனார். அம்மாவுக்கு முதுகெலும்பில் அடி. பின்சீட்டில் இருந்த பொடிசுக்கு ஒரு கீறல்கூட இல்லை. சொந்தக்காரர்கள் யாரும் வரவில்லை. ஆறு வாரம் மட்டும் வைத்துக்கொள்ள முடியுமா என்று குழந்தைகள் நல அலுவலகத்தில் கேட்டார்கள். பிள்ளைச் சத்தமே கேட்காத வீட்டுக்கு ஆறு வாரம் பெரிய விஷயமாக இருந்தது.

ஆறு வாரம் நாலு வருஷமானது.

வந்த புதிதில் பொடிசு தலையணைக்கு அடியில் பிஸ்கட் ஒளித்து வைப்பாள். எறும்பு வந்த பிறகுதான் தெரிந்தது. அம்மை போட்டபோது பதினோரு நாள் பெரியம்மாவின் மடியை விட்டு இறங்கவில்லை. ஜெபம் செய்யச் சொன்னால் வீட்டில் உள்ள ஒவ்வொரு சாமானுக்கும் நன்றி சொல்வாள். ஃப்ரிட்ஜின் முறை வரும்போது பெரியப்பா சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து போய்விடுவார்.

அம்மா என்றே கூப்பிடட்டுமே என்று அவர் ஒருமுறை கேட்டுப் பார்த்தார். பெரியம்மா ஒத்துக்கொள்ளவில்லை. அந்த இடம் காலியாக இல்லை என்று சொல்லிவிட்டாள். பெரியம்மா, பெரியப்பா என்று முறைவைத்துப் பழக்கியது அவள்தான்.

இதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே அவள் மடித்தாள். அக்கா அதிசயமாகக் குறுக்கே பேசாமல் கேட்டாள். பெட்டி நிறைந்ததும்தான் தொண்டையைச் செருமினாள்.

“உபவாச ஜெபத்துல நீ அழுத அழுகையைப் பார்த்தவ நான். என்ன கேட்டேன்னு நீ வாய்விட்டுச் சொல்லலை. எனக்குத் தெரியாதா? பக்கத்துல முழங்கால் போட்டு நானும் அதையேதான் கேட்டேன். இந்தக் குழந்தை இவகிட்டயே இருந்துடட்டும்னு.”

பெரியம்மா நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ சொல்ல வந்து, பெட்டியின் ஜிப்பை இழுத்தாள்.

“டாக்டருங்களே குழந்தையோட அம்மா எழுந்திருக்க மாட்டாள்னு எழுதிக் கொடுத்த கேஸ். எழுந்துட்டா. என்ன செய்ய? கர்த்தர் சில சமயம் இல்லைன்னு சொல்லுவார்மா. அதுவும் ஒரு பதில்தான். ஏத்துக்கணும்.”

“நேத்திலேர்ந்து, உம்முடைய சித்தம்னு சொல்ல வாய் வரலைக்கா. முழங்கால் போடுறேன், எழுந்துடுறேன். அவர் மேல அவ்வளவு கோபம்.”

“கோபப்பட்டுக்கோ. பேச்சை மட்டும் நிறுத்திடாதே.”

வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டது. மணி மூன்றரைதான் ஆகியிருந்தது.

பின்கதவைத் திறந்து ஒரு இளம்பெண் இறங்கினாள். ஒல்லியான உடம்பு, கையில் ஊன்றுகோல். அவள் இந்த வீட்டுக்கு வருவது இதுதான் முதல் தடவை. ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியப்பாதான் பொடிசை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் அம்மாவிடம் காட்டிவிட்டு வருவார்.

கீழ்ப்படியருகே வந்ததும் அவள் நின்றுவிட்டாள். ஊன்றுகோல் நடுங்கியது. அக்கா பதறிப்போய்க் கை கொடுக்க ஓடினாள்.

“பிடிக்காதீங்க,” என்றாள் பெரியம்மா.

சத்தம் போடவில்லை. ஆனால் அந்தக் குரலை அக்கா இதுவரை கேட்டதில்லை. பாதிப் படியிலேயே நின்றாள்.

கீழே நின்றவள் முகத்தில் மெல்லச் சிரிப்பு வந்தது. “பயிற்சி ரூம்ல மூணு படிதானே மேடம். இங்க அஞ்சு இருக்கே.”

“மூணு ஏறினவ அஞ்சும் ஏறுவே. நல்ல காலை முதல்ல வை. அப்புறம் கோலும் மத்தக் காலும். அவசரமே இல்லை.”

ஒவ்வொரு படியாக அவள் ஏறி வந்தாள். அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அவர் இல்லைன்னு சொல்லலைக்கா,” என்றாள் பெரியம்மா, கடைசிப் படியிலிருந்து கண்ணை எடுக்காமல். “நாலு வருஷமா தினமும் இவ காலை மடக்கி நீட்டும்போதெல்லாம் நான் கேட்டது இதைத்தான்.”