ஒன்றரை ஆம்பியர்

டப்!

வீடு மொத்தமும் இருட்டு. எனக்கு நெஞ்சே நின்னுடுச்சு.

ஏன்னா, அப்பா! கரண்ட்ல ஓடற ஆக்ஸிஜன் மெஷினாலதான் அவரோட மூச்சே ஓடுது. அது நின்னா ரொம்ப நேரம் தாங்க மாட்டார்னு டாக்டர் தெளிவா சொல்லியிருக்காங்க.

"அண்ணா! மறுபடி ஃபியூஸ் போச்சு! ரூம் ஹீட்டர் போட்டியா?"

"குளிருதுடா, போடாம?"

"அது ரெண்டாயிரம் வாட்டுண்ணா! எத்தன தடவ சொல்றது?"

அப்பா ரூமுக்கு ஓடினேன். அம்மா கதவைத் தொறக்கவே இல்ல. "அப்பாவ நான் பாத்துக்கறேன். நீங்க போய் ஃபியூஸைப் போடுங்க!"ன்னு உள்ளேர்ந்து குரல் மட்டும் வந்துச்சு. அந்தக் குரல்ல ஒரு நடுக்கம்.

ஃபியூஸ் பெட்டி வெளியில, மாடிப்படி பக்கத்துல. எங்களுக்கு ஒண்ணு, எதிர்வீட்டுக்கு ஒண்ணு. அண்ணன் ஒரு கையில செல்போன் டார்ச், இன்னொரு கையில கட்டிங் பிளேயர். என் பாக்கெட்ல புதுசா வாங்கின கிளாம்ப் மீட்டர். வயர் மேல வளையம் மாதிரி மாட்டினாலே எவ்வளவு கரண்ட் ஓடுதுன்னு காட்டிடும். செம ஐட்டம்ங்க!

எங்க ஃபியூஸை உருவினேன். உள்ள கம்பி கருகிக் கிடக்கு. இருட்டுல புதுக் கம்பியைக் கீழ போட்டுட்டேன். அதைத் தேட அண்ணன் டார்ச் வெளிச்சத்தைத் தரையில அடிச்சான்.

"டேய்... இது என்னடா?"

எதிர்வீட்டுக் கதவுக்கு அடியிலேர்ந்து ரெண்டு வயர், ஒண்ணோட ஒண்ணு முறுக்கிக்கிட்டு, எங்க வாசல் கால்மிதிக்கு அடியில புகுந்து வீட்டுக்குள்ள போகுது.

"பாத்தியா! திருட்டு கரண்ட்! ஃபியூஸ் ஏன் போகுதுன்னு இப்பவாவது புரியுதா? ஹீட்டராம் ஹீட்டர்!"

எதிர்வீட்டுல இருக்கறது தையல்கார அக்கா. மோட்டார் மெஷின் கடகடன்னு சத்தம் போடுதுன்னு போன வாரம் அண்ணன் அவங்க வாசல்ல நின்னு கத்தாத கத்து கத்தினான். அவங்ககூட யாரும் பேசக் கூடாதுன்னு எங்களுக்கும் ஆர்டர். மறுநாளே சத்தம் நின்னுபோச்சு. "எப்படி அடங்கினா பாத்தியா?"ன்னு காலரைத் தூக்கி விட்டுக்கிட்டான்.

"அடங்கல, அமுக்கமா இருந்திருக்கா. வெட்டறேன்!"

"முதல்ல ஃபியூஸைப் போடலாம்ணா! அப்பா..."

"இதை வெட்டாம போட்டா மறுபடி போகும்டா!"

"இரு, இரு! எவ்வளவு இழுக்கறாங்கன்னாவது பாத்துடறேன்."

அவசரத்துல ரெண்டு வயரையும் சேத்து மீட்டரை மாட்டினேன். ஜீரோ. ஐயோ, போற கரண்ட்டும் வர்ற கரண்ட்டும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுடுமே! முறுக்கைப் பிரிச்சு, ஒரே ஒரு வயர்ல மாட்டினேன்.

"ஒன்றரை ஆம்பியர்! வோல்டேஜ் இருநூத்து முப்பது. அதை ஒன்றரையால வகுத்தா ரெசிஸ்டன்ஸ் நூத்து அம்பத்து மூணு ஓம். வோல்டேஜையும் ஆம்பியரையும் பெருக்கினா பவர்... முன்னூத்து நாப்பத்தஞ்சு வாட்!"

"தையல் மெஷினேதான்!" அண்ணன் பிளேயரோட வாயை வயர்ல வெச்சான்.

முன்னூத்து நாப்பத்தஞ்சு. கிட்டத்தட்ட முன்னூத்து அம்பது. இந்த நம்பரை நான் தினம் பாக்கறேனே... எங்க? அப்பா தலைமாட்டுல. ஆக்ஸிஜன் மெஷின் முதுகுல ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல!

அப்பதான் இன்னொண்ணும் உறைச்சுது. எங்க ஃபியூஸ் என் கையில இருக்கு. எங்க வீட்டுல பொட்டு கரண்ட் கிடையாது. அப்போ இந்த வயர்ல ஓடறது யாரோடது?

"அண்ணா, வெட்டாதே!" அவன் கையைப் பிடிச்சுத் தொங்கிட்டேன். பிளேயர் படிக்கட்டுல உருண்டு விழுந்துச்சு.

சத்தம் கேட்டு ரெண்டு வீட்டுக் கதவும் தொறந்துச்சு. அம்மா பின்னால, அந்தக் கும்மிருட்டுல, அப்பாவோட மெஷின் புஸ்... புஸ்...னு ஓடிக்கிட்டு இருந்துச்சு.

"நீ கத்தின மறுநாளும் ஃபியூஸ் போச்சுடா," அம்மா அழுதுட்டாங்க. "நீங்க ரெண்டு பேரும் வீட்டுல இல்ல. என் சத்தம் கேட்டு இவதான் ஓடி வந்து வயர் இழுத்துக் குடுத்தா. தெரிஞ்சா நீ பிடுங்கி எறிஞ்சுடுவேன்னு நான்தான் யாருகிட்டயும் மூச்சு விடல."

அண்ணனுக்கு முகம் செத்துப்போச்சு. "அப்போ... மோட்டார் சத்தம் நின்னது?"

அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னாங்க. "அதையும் போட்டா என் ஃபியூஸும் போயிடுமோன்னு பயம் தம்பி. அப்பாவுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா? அதான் பழைய மெஷின்ல கால்ல மிதிச்சே தைக்கறேன்."

அண்ணன் உள்ள போய் ஹீட்டர் பிளக்கைப் பிடுங்கிட்டு வந்து, பிரிஞ்சு கிடந்த வயரைக் குனிஞ்சு முறுக்க ஆரம்பிச்சான்.

எவ்வளவு கரண்ட் ஓடுதுன்னுதாங்க மீட்டர் காட்டுச்சு. யாருகிட்டேர்ந்து யாருக்கு ஓடுதுன்னு காட்டல. உங்க வாசல்லயும் எப்பவாச்சும் இப்படி நடந்திருக்கா?