வெள்ளைப்போளம் கலந்த ரசம்

தாதி வலி தணிக்கும் ஊசியோடு கிட்ட வந்ததும் சவிரிமுத்தர் இன்றைக்கும் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். அவள் பிரெஞ்சில் ஏதோ ஆறுதல் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மொன்றியலுக்கு வந்து முப்பது வருசம் உழைத்த உடம்பில் புற்றுநோய் எலும்புவரை இறங்கியிருந்தது.

"சிலுவையில யேசுநாதருக்கு நோத் தெரியாமல் இருக்க வெள்ளைப்போளம் கலந்த திராட்சரசம் குடுத்தவங்கள். அவர் வாங்கினவரே, றோசலின்?"

"நீங்கள் யேசுநாதரே? போட விடுங்கோவன்!"

"போட்டால் நாள் முழுக்க நித்திரைதான். ஊரிலயிருந்து ஜெறாட் வரேக்கை முழிச்சிருக்க வேண்டாமே?"

மனைவி றோசலின்தான் அவருக்கு அப்படிச் சொல்லி வைத்திருந்தாள். போன கிழமை, "மகன் ரிக்கற் போட்டிட்டான்" என்றாள். முந்தநாள், "பனி கொட்டுது, பிளேன் பிந்துதாம்" என்றாள். அவனுக்கு என்ன கறி வைப்பது என்பதுவரை சொல்லிச் சிரித்தாள்.

சவிரிமுத்தர் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினார். அதற்குமேல் அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அவன் வரமாட்டானப்பா. விசா குடுக்கேல்லை எண்டு ரெண்டு கிழமைக்கு முன்னமே சொல்லிப்போட்டான்."

"தெரியும். அண்டைக்கே எனக்கும் போன் எடுத்து அழுதவன்."

"பிறகேன் ஊசி வேண்டாமெண்டு கிடந்தனீங்கள்?"

"அவன் வாறான் எண்டு சொல்லேக்கை மட்டும்தான் நீர் அழாமல் இருந்தனீர். நான் நித்திரையாப் போனால் அதை ஆருக்குச் சொல்லுவீர்?"

 

சவிரிமுத்தர் போர்வைக்குள்ளிருந்து கையை வெளியே நீட்டினார்.

"இனி அதைச் சொல்லத் தேவையில்லைத்தானே. தாதியைக் கூப்பிடும்."